எந்தத் தெரு?

நகரத்துக்கு வந்துவிட்டால் சாதி கரைந்துபோகும் என்று நம்புகிறவர்களை நான் வெளிநாட்டில் கூட்டமாகப் பார்த்தேன். நகர வளர்ச்சி பற்றிய மாநாடு. மாணவர்களும் கட்டுரை வாசிக்கலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். மாநாட்டின் பேரும் நடந்த ஊரும் இங்கே வேண்டாம்.

முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் ஒரு தமிழ்க் குரல். அங்கே ஆராய்ச்சி செய்கிற நம்மாள். தென்காசி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சீசன் தவறாமல் குற்றாலம் வருவாராம். ஐந்தருவி, பழைய குற்றாலம், பார்டர் புரோட்டா எல்லாம் பேசி முடித்தார். அப்புறம் வந்தது அந்தக் கேள்வி: "தென்காசியில எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் மிச்சத்தை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். காலனி என்றேன். பேச்சு நின்றது. மறுநாள் அவர் வேறு மேஜையில் இருந்தார்.

பக்கத்தில் நின்ற ஆப்பிரிக்க மாணவி கேட்டாள்: "காலனி என்றால் வெள்ளைக்காரன் பிடித்து வைத்திருந்த நாடுதானே?" ஊர் வேறு, சேரி வேறு, அரசாங்கம் சேரிக்கு வைத்த பேர் காலனி என்று விளக்கினேன். "அப்படியானால் பொருத்தமான பேர்தான்" என்றாள்.

எல்லோர் கையிலும் 'புதிய நகர்ப்புறச் செயல்திட்டம்' இருந்தது. 2016 அக்டோபரில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் நடந்த ஐ.நா. மாநாடு ஏற்றுக்கொண்டது. 175 பத்திகள். பெண்கள், குழந்தைகள், அகதிகள், வீடற்றோர், குடிசைவாசிகள், பூர்வகுடிகள் என்று பட்டியல் நீளுகிறது. ஒருவரையும் விட்டுவிட மாட்டோம் என்ற வாக்குறுதியும் உண்டு. சாதி என்ற சொல் மட்டும் கிடையாது. 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதி பேசப்படக் கூடாது என்று இந்திய அரசு மல்லுக்கு நின்றது. அன்று சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை.

துப்புரவு பற்றிய அமர்வில் கழிப்பறைகளை எண்ணினார்கள், குழாய்களை அளந்தார்கள். நான் எழுந்து, குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குவது யார் என்று கேட்டேன். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை மாறுகிறது, இறங்குகிற சாதி மாறவில்லை என்றேன். நெறியாளர் சிரித்தபடி, "அது உங்கள் நாட்டுப் பண்பாட்டுப் பிரச்சினை. இங்கே தொழில்நுட்பம் பேசுகிறோம்" என்றார். மனுஷன் இறங்கியே தீர வேண்டிய மாதிரி குழியை வரைந்தவன் படித்த பொறியாளன்தானே? அது எந்தப் பண்பாடு?

குற்றாலத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன். அருவிக்குச் சாதி இல்லை என்று சொல்லுவாங்க. சரிதான், தண்ணி எல்லார் தலையிலும்தான் விழுகிறது. ஆனால் சாரல் காலத்து விடியலில் எண்ணெய்ப் பாக்கெட்டையும், நனைந்த துணியையும், பிள்ளைகளின் பீத்துணியையும், உடைந்த பாட்டிலையும் அள்ளுகிற கைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன? எங்க அம்மாவும் அள்ளியிருக்கிறாள். "குளிக்க வாரவுகளுக்கு முந்தியும் நாங்கதான், அவுக போன பெறகும் நாங்கதான்" என்பாள். சுற்றுலா வளர்ச்சி என்று பேச ஆரம்பித்தால் விடுதி வரும், வண்டி நிறுத்தம் வரும். அள்ளுகிறவர்களின் வீடு அந்தப் பேச்சில் வராது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் புதுப் பேரையும் மோப்பம் பிடிக்க அந்தப் பழைய கேள்வி போதும். 1981 பிப்ரவரியில் தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று தாங்களே பேர் வைத்தார்கள். நாடே அலறியது, டெல்லியிலிருந்து தலைவர்கள் ஓடி வந்தார்கள். பலகையில் காலனியை அழிப்பதால் ஒருத்தனுக்கும் தூக்கம் கெடாது. வாடகை வீடோ, மனையோ, தெருவின் எல்லையோ எதுவும் அசையப்போவதில்லையே.

ஊர் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "அம்புட்டுத் தூரம் போயுமா இதக் கேட்டான்?" என்றாள்.

அடுத்த மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டேன். தலைப்பு: 'தலித்துக்கு வாடகைக்கு வீடு தராத தென்காசித் தெருக்கள்: ஒரு வரைபடம்.' சீசன் முடிந்ததும் தெருத் தெருவாகப் போய் வீடு கேட்கப் போகிறோம். கூட வருகிற தோழர்கள் எழுதுங்கள்.