ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை எப்போது மாற்றுவது?

நூலக இணையதளங்களை நடத்துகிறவர்களுக்கு 2025 ஜனவரி 5 முக்கியமான நாள். ட்ரூபல் 7 என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கு அதன் சமூகம் வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. 2011-இல் அதே ஜனவரி 5 அன்று வெளியான மென்பொருள் அது. அமெரிக்கா, கனடாவில் பல பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் பக்கங்களை அதில்தான் கட்டியிருந்தன. மாறாமல் இருந்த தளங்கள் மறுநாள் காலையிலும் வழக்கம்போலத் திறந்தன. நூலக நேரம், புதுவரவுப் பட்டியல், விடுமுறை அறிவிப்பு எல்லாம் அப்படியே தெரிந்தன. அதனால்தான் “நல்லாத்தானே ஓடுது, இப்ப ஏன் கை வைக்கணும்?” என்ற கேள்விக்குக் கூட்டங்களில் பதில் சொல்வது கடினமாகிறது.

அந்த நாளும் எளிதில் வந்துவிடவில்லை. முதலில் 2021 நவம்பர் என்றார்கள். கொரோனா காலத்தில் அது 2022 நவம்பர் ஆனது. பிறகு 2023 நவம்பர். கடைசியில் 2025 ஜனவரி. ஒவ்வொரு நீட்டிப்பும் பணமில்லாத நூலகங்களுக்கு மூச்சுவிட நேரம் தந்தது. கெடு எப்படியும் தள்ளிப்போகும் என்ற நினைப்பையும் வளர்த்துவிட்டது.

தள்ளிப்போட்டவர்கள் எல்லோரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8 அடியோடு மாற்றி எழுதப்பட்டது. 7-க்காக எழுதிய மாட்யூல்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) வடிவமைப்பும் அதில் ஓடாது. தளத்தைப் புதிதாகக் கட்டி, பழைய பக்கங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த 8-க்கான ஆதரவு 2021 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. தம்பியை வழியனுப்பிவிட்டு அண்ணன் மேலும் மூன்று ஆண்டு இருந்தார். ஆனாலும் முந்திக்கொண்டு 8-க்குப் போனவர்கள் ஏமாறவில்லை. அங்கிருந்து 9-க்கும் 10-க்கும் போவது சிறு படிகள்தான். பெரிய தாண்டல் ஒன்றை அவர்கள் ஏற்கெனவே முடித்திருந்தார்கள். ஆகவே எந்த எண்ணுக்கு மாறுகிறோம் என்பதைவிட, வருவது படியா, தாண்டலா என்பதைத்தான் நூலகர் முதலில் விசாரிக்க வேண்டும். படி என்றால் வழக்கமான பராமரிப்பு வேலை. தாண்டல் என்றால் தனி நிதி, தனி ஆள், ஏறக்குறைய ஓராண்டு.

ஆதரவு இருக்கும்போதே என்ன நடக்கலாம் என்பதற்கு 2014 அக்டோபர் 15 சாட்சி. ட்ரூபல் 7-இல் தரவுத்தளத்தையே கைப்பற்றவிடும் ஓட்டை ஒன்று அன்று வெளியில் தெரிந்தது. ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் இரண்டு வாரம் கழித்து ட்ரூபலின் பாதுகாப்புக் குழு சொன்னது பலருக்கு வயிற்றைக் கலக்கியது: அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நேரப்படி அந்த ஏழு மணி நேரம் இரவு 9.30-இலிருந்து விடிகாலை 4.30 வரை. எந்த நூலகத்தில் யார் விழித்திருந்திருப்பார்கள்? ஆதரவு முடிந்த மென்பொருளுக்கோ இத்தகைய நாளில் அந்த ஒற்றை வரியும் வீடுதேடி வராது.

பிரிட்டிஷ் நூலகத்தின் கதை இன்னும் பெரிது. 2023 அக்டோபர் இறுதியில் ரைசிடா என்ற கும்பல் அதன் கணினி அமைப்பை முடக்கி, ஏறத்தாழ 600 ஜிபி தரவுகளை அள்ளிச் சென்றது. நூலகப் பட்டியலைத் தேடிப் பார்க்கும் வசதி திரும்பவே 2024 ஜனவரி நடுப்பகுதி ஆகிவிட்டது. இணையதள மென்பொருள் வழியாக யாரும் நுழைந்ததாகத் தெரியவில்லை; அதன் மேல் பழிபோட வேண்டாம். கவனிக்க வேண்டியது மீட்பைத்தான். பல பழைய மென்பொருள்களை மறுபடி நிறுவ இயலவில்லை என்று அந்த நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒன்று, தயாரித்தவர் கைவிட்டிருந்தார். இல்லையென்றால் புதிய பாதுகாப்பான அமைப்பில் அது ஓடவில்லை.

அப்படியானால் எப்போது மாற்றுவது? ஆதரவு முடிய இரண்டாண்டு இருக்கும்போது தொடங்கி, ஆறு மாதம் மிச்சம் வைத்து முடிப்பதே விவேகம். புதிய பதிப்பு வந்த மாதமே பாய வேண்டியதில்லை. நூலகம் நம்பியிருக்கும் மாட்யூல்கள் அதற்கு வந்துசேர வேண்டும். அந்த இடைவெளியில் பக்கங்களைக் கழிக்கும் வேலையைப் பார்க்கலாம். 2012 புத்தகக் கண்காட்சியின் அழைப்பிதழையும் பணி ஓய்வு பெற்றவர்களின் தொலைபேசி எண்களையும் புதுத் தளத்துக்குச் சுமந்து போவானேன்?

கழிக்கக் கூடாதது பக்கங்களின் இணைய முகவரி. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்துவரும் நூலக நிறுவனம், தன் பல்லூடகச் சேகரங்களுக்கான ‘ஆவணகம்’ தளத்துக்கு இஸ்லாண்டோராவைத் தேர்ந்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த மென்பொருளின் பழைய தலைமுறை ட்ரூபல் 7 மேல் நின்றது. புதிய தலைமுறையில் அடித்தளமும் முகவரி அமைப்பும் மாறிவிட்டன. ஓர் ஒலிப்பதிவின் இணைப்பு யாரோ ஒருவரின் ஆய்வேட்டு அடிக்குறிப்பில் அச்சேறியிருக்கும். அதைச் சொடுக்கினால் ‘பக்கம் இல்லை’ என்று வருவது, அலமாரியில் இருக்கும் புத்தகத்தை வாசகரிடம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். பழைய முகவரி ஒவ்வொன்றும் புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறதா என்று சோதனை நகலில் பார்த்த பிறகே தளத்தை மாற்ற வேண்டும். கல்லூரி நூலகம் என்றால் கோடை விடுமுறையில் மாற்றலாம். தேர்வு நேரத்தில் தொடவே கூடாது.

நம் ஊரில் வழக்கமான தடை வேறு. தளத்தைக் கட்டிய நிறுவனத்தின் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்திருக்கும்; நிர்வாகக் கடவுச்சொல் மாற்றலாகிப் போன ஒருவரிடம் இருக்கும். பதிப்பு மாற்றமும் பராமரிப்பில் அடக்கம், கடவுச்சொல்லும் முழுக் காப்பு நகலும் நூலகத்தின் கையில் என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். பில் பாஸான பிறகு கேட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.