பிள்ளை பிறக்குமா என்பது மட்டுமே வினாவா?

மணமான பெண்ணொருத்திக்குச் சூலக நீர்க்கட்டி நோய் எனக் கண்டறியப்பட்டதும் சமூகம் எழுப்பும் வினா ஒன்றே: “பிள்ளை பிறக்குமா?” மணமாகாதவளாயின், “மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லலாமா?” அவளது இருதயத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இஃது அறியாமை மட்டுமன்று. பெண்ணைக் கருப்பையாக மட்டும் காணும் பழைய பார்வையின் வெளிப்பாடுமாகும்.

1935 இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்ரெயின், லெவென்தால் என்னும் வைத்தியர் இருவர் ஏழு பெண்களிடம் இந்நோயைக் கண்டு விவரித்தனர். பருத்த சூலகங்களே அன்று கண்ணிற் பட்டன. பெயரும் அவற்றின் மேலேயே விழுந்தது. ஆயின் ‘கட்டிகள்’ எனப்படுபவை உண்மையில் முதிராது நின்றுவிட்ட சூற்புடைப்புகளே. பலரில் நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது. உடற்கலங்கள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. சதையி மேன்மேலும் அதனைச் சுரக்கின்றது. மிகையான இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோன்களைப் பெருக்குகின்றது. மாதவிடாய் தவறுவது வெளியே தெரிவது. குருதியில் வெல்லமும் கொழுப்பும் ஏறுவதோ ஓசையின்றி நிகழ்வது.

“கலியாணம் முடிந்தாற் சரியாகிவிடும்” என்பர் சிலர். தாலி இன்சுலினைத் திருத்துவதில்லை. “மாத்திரையால் மாதவிடாய் ஒழுங்காகிவிட்டதே” என்பர் வேறு சிலர். அம்மாத்திரை கருப்பையின் உட்படலத்தைக் காக்கும். இன்சுலினுக்கு இணங்காத உடலை இணங்கச் செய்யாது. “பருத்தவர்க்கே இந்நோய்” என்பதும் பிழை. மெலிந்தவரும் தப்புவதில்லை, தென்னாசியப் பெண்களிடம் நீரிழிவு குறைந்த வயதிலும் குறைந்த எடையிலும் தோன்றுகின்றது.

இந்நோயுடைய அனைவர்க்கும் மாரடைப்பு வரும் என்று எவரும் கூறவில்லை. ஆபத்து கூடுகின்றது என்பதே கூற்று. 2023 இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி இதனைத் தெளிவாக ஏற்றுள்ளது. நோய் கண்டறியப்பட்டவுடன் குருதி வெல்லமும் கொழுப்பும் சோதிக்கப்படல் வேண்டும். வெல்லச் சோதனை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், குருதியமுக்கச் சோதனை ஆண்டுதோறும் தொடரவேண்டும் என்கின்றது அது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதுப் பெண்கள் நூற்றுவரில் 8 முதல் 13 பேர் வரை இந்நோயுடையோர். அவர்களிற் பெரும்பாலோர் அதனை அறியாதோர். முகத்து மயிரையும் பருவையும் அழகுக் குறையெனக் கேலி செய்யும் சமூகம், அவற்றை எச்சரிக்கையெனக் கொள்ளக் கற்கவேண்டும். தொட்டில் ஆடியதும் சிகிச்சை முடிந்ததெனக் கோப்பை மூடுவோர், அத்தொட்டிலை ஆட்டுபவளின் நாற்பதாம், ஐம்பதாம் வயதுகளையும் எண்ணிப் பார்க்கட்டும். தாயாகும் முன்பும் தாயான பின்பும், தாயாகாவிடினும், அவளுக்கு ஓர் இருதயம் உண்டு.