சாயாத படகு ஏன் கவிழ்கிறது? கேட்டமரான் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஃபூகெட், செஷல்ஸ் என்று விடுமுறைக்குப் போன நண்பர்களின் இன்ஸ்டாகிராமில் இந்தப் படகைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவே அகலமான தளம், முன்னால் படுத்துக்கொள்ள ஒரு வலை, மேலே உயரமான பாய். பெயர் கேட்டமரான். ‘மேஜையில் வைத்த காபிகூடச் சிந்தாது’ என்று சொல்லித்தான் வாடகைக்கு விடுகிறார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால், தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் கேட்டமரான்களின் படங்களும் அதே இணையத்தில் இருக்கின்றன. சாயாத படகு எப்படிக் கவிழும்? டிக்கெட் போடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர் நம்முடையது, படகு வேறு

கேட்டமரான் என்ற சொல் நம்ம ‘கட்டுமரம்’தான். சோழமண்டலக் கடற்கரையில் பார்த்ததை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய மாலுமிகள் எழுதிவைத்தார்கள். ஆனால், கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. உள்ளே தண்ணீர் நிரம்ப அதில் இடமே இல்லை. இன்று கேட்டமரான் என்று அழைக்கப்படும் இரட்டை உடல் படகு, பசிபிக் தீவு மக்களின் கைவண்ணத்திலிருந்து வந்தது. பெயர் மட்டும் இங்கிருந்து போய் ஒட்டிக்கொண்டது.

எது அதை நிமிர்ந்து நிற்க வைக்கிறது?

சாதாரணப் பாய்மரப் படகுக்கு ஒரே உடல். அதன் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கும். அதற்குக் கீல் என்று பெயர். காற்று தள்ளினால் படகு உடனே சாயும். சாயச் சாய, கீலின் எடை திரும்ப இழுக்கும். கடல் பயணத்துக்கான பல படகுகள் 110, 120 டிகிரி சாய்ந்தாலும், அதாவது பாய்மரம் தண்ணீருக்குள் போனாலும், திரும்ப நிமிர்ந்துவிடும்.

கேட்டமரானுக்கு அந்தக் கனம் கிடையாது. அகலம்தான் அதன் பலம். ஓடும் பஸ்ஸில் காலை அகட்டி வைத்து நிற்பீர்கள் அல்லவா, அதே கதை. அதனால் சாதாரணக் காற்றில் சாய்வதே தெரியாது. ஆனால், காற்று வரும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு மேலே எழும் அந்தக் கணத்தில், ஏறக்குறைய 10 டிகிரி சாய்விலேயே, படகின் முழு எதிர்ப்புச் சக்தியும் செலவாகிவிடும். அதற்கு மேல் சாயச் சாயப் பலம் குறையும். 90 டிகிரியை நெருங்கும்போது மிச்சம் எதுவும் இருக்காது. பிறகு தலைகீழ்தான். தலைகீழாகவும் அது உறுதியாக நிற்கும் என்பதால், தானாக நிமிரவே நிமிராது.

ஒரு தோராயக் கணக்கு பார்ப்போம். படகின் எடை 10 டன். இரண்டு உடல்களின் மையங்களுக்கு இடையே 6 மீட்டர். அதில் பாதி 3 மீட்டர். பெருக்கினால் 30. கவிழாமல் தாங்கும் எல்லை அது. 80 சதுர மீட்டர் பாயை முழுதாக விரித்திருக்கும்போது, மணிக்கு 40 கி.மீ. காற்று அதில் சுமார் 7 பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். நிம்மதி. காற்று 80 கி.மீ. ஆனால்? இரண்டு மடங்கு 14 என்று நினைப்போம். இல்லை, 28. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். 30ஐத் தொட இன்னும் ஒரு வீச்சு போதும். கடலில் அலையே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

சாய்வு என்பது படகு நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை மணி. ஒற்றை உடல் படகில் அது அடித்துக்கொண்டே இருக்கும். சமையலறைப் பாத்திரம் உருளும், நிற்க முடியாது, ‘பாயைச் சுருக்குங்க’ என்று பயணிகளே கத்துவார்கள். கேட்டமரானில் அந்த மணி கடைசி நிமிடம் வரை அடிப்பதில்லை.

கவிழும் வழிகள் மூன்று

முதலாவது, பக்கவாட்டுக் காற்று. மேலே சொன்ன கணக்குதான். பெரும்பாலும் மழை மேகத்தோடு திடீரென்று வரும் சூறைதான் காரணமாகிறது. 2010இல் பசிபிக்கில் நியுவே தீவு அருகே 57 அடி கேட்டமரான் ஒன்று இப்படித்தான் கவிழ்ந்தது. நிதானமாக வீசிக்கொண்டிருந்த காற்று, சூறையில் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டியது. படகில் இருந்த 2 பேரும் மீட்கப்பட்டார்கள்.

இரண்டாவது, குட்டிக்கரணம். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது படகு வேகமெடுத்து, முன்னால் போகும் அலையின் முதுகில் மூக்கைக் குத்தும். படகு நிற்கும், பாய் நிற்காது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு புரளும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. 55 கி.மீ. காற்றில் நாமும் அதே திசையில் 22 கி.மீ. வேகத்தில் போனால், நம் மேல் படுவது 33 கி.மீ. காற்றுதான். மூக்குக் குத்தி நின்றதும் 55 முழுதாகப் பாயில் இறங்கும். விசை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும்.

மூன்றாவது, பக்கத்தில் வந்து உடையும் பேரலை. படகின் அகலத்துக்கு இணையான உயரத்தில் உடையும் அலை அதைப் புரட்டிவிடக் கூடும். அடிப்பலகையைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தால் படகு பக்கவாட்டில் வழுக்கிப் போக முடியாமல் தடுக்கி விழும். புயலில் அதைத் தூக்கி வைக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, எவ்வளவு வாய்ப்பு?

‘லட்சத்துக்கு இத்தனை’ என்று ஒரே எண் சொன்னால் அது தவறாக வழிநடத்தும். எந்தக் கேட்டமரான் என்று முதலில் கேட்க வேண்டும்.

கடற்கரையில் இருவர் ஓட்டும் ஹோபி 16 போன்ற சிறிய வகை அடிக்கடி கவிழும். கவிழ்ந்ததை நிமிர்த்துவது அதில் ஆரம்பப் பாடம். கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் எழுந்துவிடும்.

பந்தயப் படகுகள் விளிம்பிலேயே ஓடுபவை. 2012 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆரக்கிள் அணியின் 72 அடி கேட்டமரான் கவிழ்ந்தது. 2013 மே 9 அன்று அதே விரிகுடாவில் ஆர்டெமிஸ் அணியின் படகு கவிழ்ந்து உடைந்ததில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார். அதன் பிறகு பந்தயம் நடத்தும் காற்றின் உச்ச வரம்பையே குறைத்தார்கள்.

விடுமுறைக்கு எடுக்கும் கனமான, அகலமான கேட்டமரான் இந்த இரண்டிலும் சேராது. பாயும் அளவானது. வானிலை பார்த்து, பகலில், தீவுகளுக்கு இடையே ஓட்டும்வரை அது கவிழ்வது மிக அரிது. ஆனால், அதே படகில் முழுப் பாயோடு, இரவில், கருமேகத்தைக் கவனிக்காமல் போனால் வாய்ப்பு வேறு. அந்த எண்ணைத் தீர்மானிப்பது படகைவிட அதை ஓட்டுபவர்தான்.

கவிழ்ந்தா என்ன ஆகும்?

பயப்பட வேண்டியதுதான், ஆனால் அதோடு முடிந்துவிடாது. கீல் கனம் இல்லாததால் இந்தப் படகுகள் பெரும்பாலும் மூழ்குவதில்லை. 1989 ஜூனில் நியூசிலாந்திலிருந்து டோங்காவுக்குக் கிளம்பிய ‘ரோஸ் நோயல்’ என்ற மூன்று உடல் படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 4 பேரும் தலைகீழான படகிலேயே 119 நாட்கள் மிதந்து, உயிரோடு கரை சேர்ந்தார்கள். கவிழ வாய்ப்புள்ள இத்தகைய படகுகள் தலைகீழாகவும் மிதக்க வேண்டும், வெளியேற வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் சொல்கின்றன.

‘கீல் இருந்தால் பாதுகாப்பு’ என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் சிசிலி அருகே நங்கூரமிட்டிருந்த ‘பேயசியன்’ ஒற்றை உடல் படகுதான். பாயே விரிக்காமல் நின்றிருந்த அந்தப் படகு சூறையில் சாய்ந்து மூழ்கியதில் 7 பேர் இறந்தார்கள்.

பயணி என்ன செய்யலாம்?

படகை எடுக்கும்போது சோபா, ஏசியைப் பார்ப்பதோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு காற்றில் எவ்வளவு பாயைச் சுருக்க வேண்டும் என்ற தயாரிப்பாளரின் அட்டவணை எங்கே? வெளியேறும் கதவு எது, அதைத் திறப்பது எப்படி? இரவில் பாயை முன்கூட்டியே சுருக்குவீர்களா? கேப்டன் சிரித்து மழுப்பினால் வேறு படகு பாருங்கள். ஒருவேளை கவிழ்ந்தால், நீந்திக் கரைக்குப் போக முயலாமல் படகோடு இருங்கள். தேடுபவர்களின் கண்ணில் தனி மனிதரைவிடப் படகுதான் சீக்கிரம் படும்.

வாடகை நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘சாயாது’ என்று விளம்பரம் செய்பவர்கள், சாயாததால் ஆபத்து முன்கூட்டியே தெரியாது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். அந்த அட்டவணையைச் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவைக்கப் பெரிய செலவும் ஆகாது.

நம்ம ஊர் மீனவர்களுக்கான எச்சரிக்கையில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள்: ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்’ காற்று வீசக்கூடும் என்று. 45க்கும் 65க்கும் இடையே விசை இரண்டு மடங்கு. கேட்டமரானில் பாயை எவ்வளவு விரிப்பது என்பதை அந்த ‘இடையிடையே’ எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.