பிளக் பாயிண்ட் செத்தால் எதுவரை தொடலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளானின் பழைய கடைவீட்டிலோ ஒரு பிளக் பாயிண்ட் செத்துவிட்டால், அதே சாதனம் வேறு பாயிண்டில் ஓடுகிறதா, மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் எரிந்திருக்கிறதா, மின்பெட்டியில் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரே பார்க்கலாம். சுவர் மூடியைக் கழற்றுவது மட்டும் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனின் வேலை. சின்னக் கோளாறுக்கு அவ்வளவு செலவா என்பார்கள். நியாயமான கேள்வி, அதற்காகவே இந்த முதற்சோதனை. ஆனால் தூக்கிவிட்டதும் மறுபடி விழும் சுவிட்ச், மின்கசிவையோ ஷார்ட்டையோ காட்டிக்கொடுக்கிறது. கருகிய பாயிண்டின் கதை பெரும்பாலும் தளர்ந்த திருகும் அளவுமீறிய சுமையும்தான்: 230 வோல்ட், 13 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 3,000 வாட்; கெட்டிலும் ஏர் பிரையரும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சேர்ந்தால் அந்த அளவைத் தாண்டிவிடலாம். யூடியூப் பார்த்துத் திருப்புளியை எடுப்பவர் புதிய பாயிண்டை மாட்டிவிடலாம். சுவருக்குள் கருகிய வயர் அவர் கண்ணுக்குத் தெரியாது.