விதிமீறல் வேறு, விபத்தின் காரணம் வேறு

விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துபவன் நான். காலில் கட்டோடு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "பைக்கில மூணு பேர் போனோம் சார், இழப்பீடு கிடைக்குமா?" இந்தப் பயத்தாலேயே பலர் குறைந்த தொகைக்குச் சமரசமாகிவிடுகிறார்கள்.

கவனக்குறைவு என்று சொல்ல மூன்றைக் காட்ட வேண்டும். எதிராளிக்குக் கவனமாக நடக்கும் கடமை இருந்தது. அதை அவர் மீறினார். அந்த மீறலால்தான் காயம் ஏற்பட்டது. அடிபட்டவர் மீது பழி சொல்பவர்களும் இந்த மூன்றாவதைக் காட்டியாக வேண்டும். தலைக்கவசம் அணியாதவருக்குத் தலையில் அடிபட்டால் அதைப் பேசலாம். கால் எலும்பு முறிந்ததற்கும் தலைக்கவசத்துக்கும் என்ன தொடர்பு?

டெல்லியில் மூவர் சென்ற பைக் மீது பின்னாலிருந்து கார் மோதியது. பைக்கில் சென்று இறந்தவருக்கும் பங்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதம் குறைத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூவர் போனது விதிமீறல்தான். ஆனால் மோதலுக்கோ பாதிப்பின் அளவுக்கோ அது காரணம் என்று நிரூபிக்காமல் தொகையைக் குறைக்க முடியாது என்றது.

விதிமீறலுக்கு அபராதம் விதியுங்கள், மறுக்கவில்லை. ஆனால் விபத்துக்குக் காரணமாகாத ஓட்டுநரிடம் கேட்காத விலையை, விபத்துக்குக் காரணமாகாமல் அடிபட்டவரிடமும் கேட்காதீர்கள். காரணத்தை நிரூபிக்காத வாதத்தைத் தீர்ப்பாயங்கள் முதல் விசாரணையிலேயே ஒதுக்க வேண்டும்.