கணினி வாங்குதலும் கட்டமைத்தலும்

கல்லூரியில் சேரும் பிள்ளைக்காக ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மேசைக்கணினி வாங்க முனைகிறது. அதன்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, நிறுவனமே முழுமையாக்கி விற்கும் ஆயத்தக் கணினி. மற்றொன்று, உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து பொருத்திக்கொள்ளும் கணினி. எது மலிவு என்பதே பலரும் எழுப்பும் வினா. பழுதுறும் நாளில் அதைச் சீர்செய்ய யாரால் இயலும் என்பதே முதன்மையான வினா.

பொதுவரையறையின் பயன்

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியது. சந்தையில் கிடைத்த உறுப்புகளே அதில் பெரிதும் இடம்பெற்றன. அதன் செயலி இன்டெல் நிறுவனத்தின் ஆக்கம். மின்சுற்று வரைபடங்களும் நூலாக வெளியிடப்பட்டன. ஆகவே, பிற நிறுவனங்களும் அதற்கு இசைந்த உறுப்புகளைச் செய்தன. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறை, தாய்ப்பலகையின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் மின்னிணைப்பின் வடிவையும் பொதுவாக்கியது. ஒரு நிறுவனத்தின் பலகை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருந்துவது இதனால்தான். சென்னை ரிச்சி தெருவில் பல நிறுவனங்களின் உறுப்புகளை வாங்கி ஒரே கணினியாக்க முடிவதும் இப்பொதுமையின் பயனே.

ஆயத்தக் கணினி

ஆயத்தக் கணினிக்கு ஒரே நிறுவனம் உத்தரவாதம் தருகிறது. இயக்க மென்பொருளின் உரிமத்தொகையும் பெரும்பாலும் விலையிலேயே அடங்கிவிடுகிறது. ஒரே வகையான பல கணினிகளைப் பேண வேண்டிய பள்ளி ஆய்வகத்திற்கும் அலுவலகத்திற்கும் இதுவே ஏற்றது. எனினும், சில நிறுவனங்கள் தமக்கே உரிய வடிவில் பலகையையும் மின்வழங்கியையும் அமைக்கின்றன. அத்தகைய மின்வழங்கி பழுதானால், கடையில் கிடைக்கும் பொதுவகை மின்வழங்கியை அதில் பொருத்த இயலாது. சிறு உறுப்பின் பழுது, முழுக் கணினியையும் முடக்கிவிடுகிறது.

பொருத்துவோர் பெறும் அறிவு

கணினியைத் தாமே பொருத்துவோர் அதன் அமைப்பைக் கற்கின்றனர். டி.டி.ஆர்.4 நினைவகத்திற்கான பொருத்துவாயில் டி.டி.ஆர்.5 பொருந்தாது என்பதை அறிகின்றனர். செயலியின் மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைப் பார்த்துப் பொருத்துகின்றனர். உடலில் தங்கிய நிலைமின்னூட்டம் உறுப்புகளைக் கெடுக்கும் என்பதால் அதை நீக்கிய பின்னரே பலகையைத் தொடுகின்றனர். இவ்வழியிலும் இடர் உண்டு. உறுப்புகளுக்குத் தனித்தனி உத்தரவாதமே இருப்பதால், பழுதான உறுப்பு எது என்பதைப் பொருத்தியவரே கண்டறிய வேண்டும். தவறாகக் கையாண்டு கெட்ட உறுப்பிற்கு ஈடும் கிடைப்பதில்லை.

தேர்வின் அளவுகோல்

கணினியைக் கற்க விழையும் மாணவருக்கு, அறிந்தவர் ஒருவரின் துணையோடு பொருத்திக்கொள்வதே சிறந்தது. இன்று அளவான நினைவகத்துடன் தொடங்கி, பணம் சேரும்போது கூட்டிக்கொள்ளலாம். அதற்குரிய நேரமோ துணையோ இல்லாதோர் ஆயத்தக் கணினியை வாங்குவது குறையன்று. ஆனால், உறுப்புகள் பொதுவரையறைக்கு உட்பட்டவையா என்பதை அவர்கள் கேட்டறிதல் வேண்டும். துணி வாங்குவோர் விரித்துப் பார்த்தே வாங்குகின்றனர். அதுபோல், கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லும் வழக்கமும் பரவ வேண்டும். சேமிப்பு முழுவதையும் ஒரே பொருளில் இடும் குடும்பத்திற்கு அது உரிமை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.