சாவி யாரிடம்?

அமெரிக்காவில் அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7-ஆம் தேதி. அதற்குள் பேர்கள் அடிபடத் தொடங்கிவிட்டன. ட்ரம்ப் இரண்டு முறை வென்றுவிட்டார். அரசியல் சாசனத்தின் 22-ஆவது திருத்தப்படி மூன்றாவது முறை தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆக, இரண்டு கட்சிகளிலும் இடம் காலி. குடியரசுக் கட்சியில் வான்ஸ், ரூபியோ. ஜனநாயகக் கட்சியில் நியூசம், புட்டிஜெஜ், ஷபீரோ என்று பட்டியல் நீள்கிறது.

வட கரோலினாவின் ராலேயில் இருக்கும் என் சித்தப்பா மகன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அவனிடம் ஒரு எக்செல் தாள் உண்டு. இடப்பக்கம் வேட்பாளர்கள், மேலே மருத்துவக் காப்பீடு, வரி, குடியேற்றம், கல்விக்கடன், பருவநிலை. ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்கு இத்தனை என்று மார்க். "நம்ம ஊர்ல சாதி பார்த்து, சின்னம் பார்த்துப் போட்டது போதும்ணா. இங்கயாவது கொள்கையைப் பார்த்துப் போடறேனே" என்பான். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். அந்தத் தாள்மீதுதான் நம்பிக்கை இல்லை. காரணம், 2008.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் ஒபாமாவும் ஹிலரி கிளின்டனும் மோதினார்கள். இராக் போரை விட்டால் இருவருக்கும் கொள்கையில் பெரிய பேதமில்லை. இருந்த ஒன்றிரண்டில் ஒன்றை இருவரும் பெரிதாக ஊதினார்கள்: எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தலாமா? கட்டாயம் வேண்டும் என்றார் ஹிலரி. உடம்பு நன்றாக இருக்கும்வரை சேராமல் இருந்துவிட்டு, நோய் வந்தபின் சேரலாம் என்று விட்டால் நோயாளிகள் மட்டுமே சேர்வார்கள், பிரீமியம் ஏறும், ஏற ஏற இன்னும் பலர் விலகுவார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றார் ஒபாமா. பெரியவர்கள் காப்பீடு எடுக்காததற்குக் காரணம் மனமில்லாதது அல்ல, பணமில்லாதது. விலையைக் குறையுங்கள், தாமாக வருவார்கள். எல்லோரும் வீடு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் வீடில்லாதவர் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று கிண்டலும் செய்தார். ஹிலரியின் திட்டத்தைத் தாக்கி ஒபாமா அணி ஒஹாயோ வீடுகளுக்குத் துண்டறிக்கை அனுப்பியது. பிப்ரவரி 23-ஆம் தேதி சின்சினாட்டியில் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒபாமா வெட்கப்பட வேண்டும் என்று ஹிலரி பொரிந்து தள்ளினார். மூன்று நாள் கழித்துக் கிளீவ்லாந்தில் நடந்த விவாதத்தில் முதல் கால் மணி நேரத்தை இந்தச் சண்டையே விழுங்கியது.

ஒபாமா வென்று நவம்பர் தேர்தலுக்கு வந்தார். எதிரே குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன். அமெரிக்காவில் நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் காப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிக்கழிவு தரலாம் என்பது மெக்கெய்னின் யோசனை. உங்கள் காப்பீட்டுக்கே வரி போடப் பார்க்கிறார் என்று ஒபாமா தரப்பு விளம்பரம் மேல் விளம்பரமாகக் கொடுத்தது.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அவர் எதிர்த்த கட்டாயம் அதில் இருந்தது. விலையுயர்ந்த நிறுவனக் காப்பீடுகளுக்கு வரியும் இருந்தது. அவர் தருவதாகச் சொன்ன அரசுக் காப்பீட்டு நிறுவனம் மட்டும் இல்லை. அதாவது பிரைமரியில் தோற்ற ஹிலரியின் ஷரத்து சட்டமானது; பொதுத்தேர்தலில் தோற்ற மெக்கெய்னின் யோசனையும் வேறு வடிவில் உள்ளே வந்தது. வென்றவரின் வாக்குறுதி வெளியே நின்றது. 2008-இல் தாள் போட்டு மார்க் கொடுத்தவர்கள் என்ன செய்வார்கள்?

கதை அதோடு முடியவில்லை. 2012-இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி, அந்தச் சட்டத்தை ரத்து செய்வேன் என்று ஊர் ஊராகப் பேசினார். அவர் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது 2006-இல் கையெழுத்திட்ட மாநிலச் சட்டத்திலும் இதே கட்டாயம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2012 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது ஒருவகை வரி என்று சொல்லிக் கட்டாயத்தைக் காப்பாற்றியது. 2017-இல் ட்ரம்ப் காலத்து வரிச் சட்டம் அதற்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. 2019 முதல் கட்டாயம் பேருக்கு மட்டும்தான். விலையுயர்ந்த காப்பீட்டுக்கான வரியோ ஒருநாள்கூட வசூலாகாமல் 2019 டிசம்பரில் ரத்தானது. கட்டாயம் போனால் எல்லாமே சரிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. சரியவில்லை. பிரீமியத்துக்கு அரசு தந்த மானியம் தாங்கிப் பிடித்தது. 2021-இல் அதைக் கூட்டியபின் சேர்ந்தவர்கள் பெருகி, 2025-இல் 2.4 கோடியைத் தாண்டினார்கள். விலை குறைந்தால் வருவார்கள் என்று 2008-இல் ஒபாமா சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது, அவரே அதைக் கைவிட்ட பிறகும்.

அப்படியானால் ஒபாமா வாக்குத் தவறியவரா? என் தம்பி தவறியவர் என்பான். நான் வேறு இடத்தைப் பார்க்கிறேன். 2010 ஜனவரி 19 அன்று, எட்வர்ட் கென்னடி இறந்ததால் காலியான மாசசூசெட்ஸ் செனட் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் பிடித்தார். செனட்டில் முட்டுக்கட்டையை உடைக்க 60 ஓட்டு வேண்டும். ஜனநாயகக் கட்சியிடம் சரியாக அறுபது இருந்தது, அது 59 ஆனது. சுருக்கமான, சின்ன மசோதாவோடு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அவருடைய தலைமை அதிகாரி ராம் இமானுவேல் உட்பட நெருங்கியவர்களே சொன்னார்கள். ஒபாமா ஒதுங்கவில்லை. செனட் ஏற்கெனவே நிறைவேற்றியிருந்த வடிவத்தையே பிரதிநிதிகள் அவை 219-க்கு 212 என்று ஏற்றது. அந்த நவம்பரில் அவர் கட்சி அவையில் 63 இடங்களை இழந்தது. கட்டாயம் உண்டா இல்லையா என்பதில் அவர் வளைந்தார். காப்பீடு இல்லாதவர்களுக்குக் காப்பீடு என்பதில் வளையவில்லை. 2008-இல் எடைபோட்டிருக்க வேண்டியது இரண்டாவதைத்தான். கால் மணி நேரம் விவாதித்தது முதலாவதை.

எதில் வளைவார், எதில் வளையமாட்டார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முழுதாகத் தெரியாதுதான். ஆனால் பழைய காகிதம் கொஞ்சம் சொல்லும். 1987 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நாளிதழ்களில் ஒரு கட்டிட முதலாளி காசு கொடுத்து முழுப் பக்க விளம்பரம் போட்டார். ஜப்பானும் மற்ற நாடுகளும் அமெரிக்காவின் தலையில் மிளகாய் அரைக்கின்றன, அவர்களைக் காசு கட்ட வைக்க வேண்டும் என்பது சாரம். கீழே டொனால்ட் ட்ரம்ப் என்று கையெழுத்து. கருக்கலைப்பிலும் கட்சியிலும் பிற்பாடு அவர் எத்தனையோ முறை இடம் மாறினார். அந்த ஒன்றில் மாறவில்லை. 2024 பிரசாரத்தில் இறக்குமதி வரி பத்து சதவிகிதமா இருபதா என்று வல்லுநர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அந்த விளம்பரத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி வந்த இறக்குமதி வரி அறிவிப்பைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

ட்ரம்பால் அதைச் செய்ய முடிந்ததற்கு இன்னொரு காரணம், சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டது. 1977-ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி, காங்கிரஸைக் கேட்காமலே வரி போட்டார். அதற்குமுன் எந்த அதிபரும் அந்தச் சட்டத்தை வைத்து இறக்குமதி வரி விதித்ததில்லை. அப்படிச் செய்யலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேட்பாளர்கள் மேடையில் "செய்வேன்" என்று சொல்லும் எந்த விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சாவி அதிபரிடமா, காங்கிரஸிடமா, நீதிமன்றத்திடமா?

குவான்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூடும் ஆணையில் பதவியேற்ற இரண்டு நாளில், 2009 ஜனவரி 22 அன்று, ஒபாமா கையெழுத்திட்டார். மே மாதம் அதற்கான பணத்தைத் தர செனட் மறுத்தது: 90-க்கு 6. அவர் கட்சிக்காரர்கள் பெரும்பாலோர் அந்தத் தொண்ணூறில் இருந்தார்கள். 2020 பிரைமரியில் கல்விக்கடனில் எவ்வளவு தள்ளுபடி என்று ஏலம் நடந்தது. எலிசபெத் வாரன் 50,000 டாலர் வரை போனார். வென்ற பைடன் 10,000 டாலர், ஏழை மாணவர் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 என்று 2022-இல் அறிவித்தார். மொத்தம் சுமார் 40,000 கோடி டாலர். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைத் தள்ளியது. ஏலத்தில் சொன்ன எல்லாத் தொகைகளும் ஒரே நாளில் வெறும் பேச்சாகின.

சாவி அதிபரிடம் இருக்கும் விஷயங்கள் நம் வீடுகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2024 ஜூனில் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் வாங்கும் வெளிநாட்டவருக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தர வேண்டும் என்றார் ட்ரம்ப். சென்னையிலும் கோவையிலும் எத்தனை வாட்ஸாப் குழுக்களில் அது சுற்றியது! கிரீன் கார்டு எண்ணிக்கையை மாற்றும் சாவி காங்கிரஸிடம் இருக்கிறது; அது நடக்கவில்லை. 2025 செப்டம்பர் 19 அன்று புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்த அறிவிப்புக்கு அவர் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. அது அமலுக்கு வந்தது.

இதையெல்லாம் சொன்னால், வேட்பாளர்கள் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பான் தம்பி. சொன்னவர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். 1984 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வால்டர் மாண்டேல், ரீகனும் வரியை ஏற்றுவார், நானும் ஏற்றுவேன், அவர் உங்களிடம் சொல்லமாட்டார், நான் சொல்லிவிட்டேன் என்றார். 50 மாநிலங்களில் 49 அவருக்கு எதிராகப் போனது. பாடம் படித்த மூத்த புஷ், நான்கு ஆண்டு கழித்து நியூ ஆர்லீன்ஸ் மாநாட்டில், புதிய வரி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லி வென்றார். பற்றாக்குறை கழுத்தை நெரித்தபோது, 1990-இல் காங்கிரஸோடு பேசி வரியை ஏற்றச் சம்மதித்தார். 1992-இல் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2014-இல் கென்னடி நூலக அறக்கட்டளை அவருக்குத் துணிச்சலுக்கான விருது கொடுத்தது, அதே வரி உயர்வுக்காக. உண்மை சொன்னவரை வீட்டுக்கு அனுப்பியதும், பொய்யைச் சொல்லவைத்ததும், பொய்யை மீறி நல்லது செய்தவரைத் தண்டித்ததும் ஒரே வாக்காளர்கள். குற்றத்தை மேடையில் நிற்பவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

கொள்கை விவாதமே வீண் என்று நான் சொல்லவரவில்லை. விவாதத்தில் கேட்கும் கேள்விதான் தப்பு. "உங்கள் திட்டம் என்ன?" என்று கேட்டால் பயிற்சி பெற்ற எவரும் பத்து அம்சம் ஒப்பிப்பார். "இதற்கு 60 செனட்டர்கள் வேண்டும், உங்களுக்கு 51 பேர்தான் கிடைக்கிறார்கள். இந்தப் பத்தில் எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை விடமாட்டீர்கள்?" என்று கேட்டால் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில் கிடைப்பது மார்க் போடத் தகுந்த சரக்கு.

அறுபது என்றதும் ஒரு பேர் ஞாபகம் வருகிறது: ஜோ லீபர்மேன். 2009-இல் அரசுக் காப்பீட்டு நிறுவனம் இருந்தால் ஓட்டு இல்லை என்று அவர் சொன்னார். அது மசோதாவிலிருந்து விழுந்தது. ஒபாமாவுக்கு விழுந்த ஆறரைக் கோடிக்கும் மேலான ஓட்டுகளால் காப்பாற்ற முடியாததை, கனெக்டிகட் அனுப்பிய ஒரு செனட்டர் நிறுத்திவிட்டார்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது, 2028 வரை காத்திருக்காதே என்பதுதான். 2026 நவம்பர் 3 அன்று வட கரோலினாவில் செனட் தேர்தல். அங்கே செனட்டராக இருக்கும் குடியரசுக் கட்சியின் தாம் டில்லிஸ், ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டின் வெட்டுகளைச் சுட்டிக்காட்டித் தன் கட்சியின் மசோதாவையே எதிர்த்த கையோடு, இனி நிற்கப்போவதில்லை என்று 2025 ஜூனில் அறிவித்தவர். அவர் இடத்துக்கு வருபவர் 2033 ஜனவரி வரை உட்காருவார். அடுத்த அதிபர் யாராக இருந்தாலும், அவருடைய முதல் தவணை முழுக்க இந்த ஆளின் ஓட்டைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். வெள்ளை மாளிகைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு அவன் போடும் மார்க்கில் பாதியாவது நிஜமாக வேண்டுமானால், முதலில் மார்க் போட வேண்டியது அந்த இடத்துக்கு நிற்பவர்களுக்கு.